ஜெபமாலையின் பின்பாதி

கணவர் நடராசா இறந்துபோனதிலிருந்து அமலோற்பவம் ஒரு நாள்கூட ஜெபமாலையைச் சொல்லி முடித்ததில்லை. தொடங்குவாள், பாதியில் நின்றுவிடும். அக்கா தங்கத்துக்கு இது தெரிய வந்தபோது, "ஆண்டவர் மேல கோவமா உனக்கு?" என்று கேட்டாள். கோபமாவது ஒன்றாவது! கோபம் இருந்தால் அமலோற்பவம் நேரடியாகவே சண்டைக்குப் போயிருப்பாள், அவள் வாய் அப்படி. இது வேறு சங்கதி.

ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம் உண்டு. அந்த மந்திரம் இரண்டு பாதி. முன்பாதியை ஒருவர் சொன்னால், பின்பாதியைக் கூட இருப்பவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். ஆளில்லாதபோது இரண்டையும் ஒருவரே சொல்லிக்கொள்ளலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் அமலோற்பவத்துக்கு அது வரவே வராது. பெரிய குடும்பத்தில் பிறந்து, பதிலுக்கு நாலு குரல் எழுந்து கேட்டே வளர்ந்தவள். கல்யாணமாகி சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பேட்டைக்கு வந்தபின் மகள் ஆரபி பெரியவளாகிப் பதில் சொன்னாள். ஆரபி கல்யாணம் செய்துகொண்டு தெம்பனிசுக்குக் குடிபோன அன்று சாயங்காலம்தான் சிக்கல் வந்தது.

மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, முன்பாதியைச் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் பேசாமல் நின்றாள். மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்டது. சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நடராசா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பவம், பாதியிலயே நிக்குது?"

"பதில் சொல்ல ஆள் இல்ல."

"அவ்வளவுதானா? என்ன சொல்லணும்னு சொல்லு. நான் சொல்றேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடராசாவுக்குச் சாமி கிடையாது. யாழ்ப்பாண வழிவந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, மீசை முளைக்கும் முன்பே திருநீற்றைத் துடைத்தவர். கேட்டால், "பேர்லயே ஒரு சாமி இருக்கு, அதுக்கு மேல எதுக்கு?" என்பார். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம் மதிய உணவு நேரத்தில் சாமி உண்டா இல்லையா என்று சண்டை போட்டே சாப்பாட்டை ஆறவிட்டவர். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அமலோற்பவம் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பா பேச்சையே நிறுத்திக்கொண்டார். பேராயரிடம் அனுமதி வாங்கி மாதா கோயிலில்தான் தாலி கட்டினார்கள். அதற்குப் பிறகு ஆரபியின் ஞானஸ்நானத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்தார். அதோடு சரி.

"ஆனா ஒண்ணு," என்று விரலை நீட்டினார். "நான் ஜெபிக்கல. சும்மா பதில் மட்டும் சொல்றேன். உங்க ஆண்டவர்கிட்ட அதத் தெளிவா சொல்லிடு. அப்புறம் கணக்குல சேத்துக்கப் போறாரு."

அவளும் விடவில்லை. சுரூபத்தைப் பார்த்துக் கையைக் கூப்பி, "ஆண்டவரே, இவர் ஜெபிக்கல, கேட்டுக்குங்க" என்று உரக்கச் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அப்படி விளையாட்டாகத் தொடங்கியது வருஷக்கணக்கில் ஓடியது. சாயங்காலமானால் அவர் பதில் சொல்வார். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்வார். தமிழ்ச் செய்திக்கு நேரம் நெருங்கிவிட்டால், "பவம், கொஞ்சம் கியரை மாத்து லா" என்று அவசரப்படுத்துவார். அவள் முறைப்பாள். அவர் மந்திரத்தை ரயிலாக ஓட்டுவார். அவளுக்குக் காய்ச்சலென்றால், "இன்னைக்கு நமக்கு வேலை இல்லையா?" என்று அறை வாசலில் வந்து நிற்பார். அவள் படுத்தபடியே முன்பாதியை முனகுவாள். அவர் கதவில் சாய்ந்துகொண்டு பின்பாதியைச் சொல்லி முடிப்பார். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. ஒரு நாளும் நம்பியதாகவும் சொன்னதில்லை.

உயிரோடு இருக்கும்வரை அவர் நம்பாதது அவளுக்குப் பெரிய கவலையாக இல்லை என்றால் பொய். ஆனால் அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. மனுஷன் என்றைக்காவது படுக்கையில் விழாமலா போவார்? அப்போது பக்குவமாகப் பேசி, ஃபாதரைக் கூட்டி வந்து, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். ஃபாதர் வர நேரமில்லையென்றால் ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறாள். அதற்காகவே தீர்த்தத் தண்ணீர் ஒரு சின்ன பாட்டிலில் கட்டில் பக்கத்தில் காத்திருந்தது. நடராசாவுக்கும் அது தெரியும். "அதுல கொசு முட்டை போட்டிடப் போகுது, டெங்கி ஆபீசர் வந்து ஃபைன் போடுவான்" என்பார்.

அவர் படுக்கையில் விழவே இல்லை. சீனப் புத்தாண்டு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்போதும்போல அவளைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு, எப்போதும்போல டன்லப் ஸ்ட்ரீட் மூலையில் ஜலாலுதீனின் டீக்கடைக்குப் போனார். பூசை முடியும்வரை அங்கே உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்து ஊர்வம்பு பேசுவது அவர் வழக்கம். அன்று அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கிக்கொண்டு முழந்தாளில் இருந்த நேரம் அது. பூசை முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியில் ஆரபியின் அழைப்புகள் குவிந்து கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டில் கட்டில் பக்கத்திலேயே இருந்தது.

அவர் கேட்டுக்கொண்டபடி மந்திரம், சடங்கு எதுவும் இல்லாமல் மண்டாய் தகனச்சாலையில் எரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். முன்பாதி வந்தது. பிறகு வாய் மூடிக்கொண்டது. பின்பாதி அவருடையது. அதைத் தன் வாயால் சொல்லிவிட்டால் அவர் இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. அவருக்காக ஏங்கினாள், வேறென்ன? அந்த அவசரக் குரலுக்காக, "கியரை மாத்து லா"வுக்காக நெஞ்சு வலிக்க ஏங்கினாள்.

ஏக்கத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மற்ற விதவைகளுக்கு ஒரு ஆறுதல் உண்டு, போய்ச் சேருமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இவளுக்கு? இவள் போகிற இடத்தில் அவர் இருப்பாரா?

தங்கத்திடம் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. தங்கம் ஜெபக் குழுவுக்குத் தலைவி. உபதேசியார் சொல்லிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் வைத்திருப்பவள்.

"திருச்சபைக்கு வெளிய மீட்பு இல்லன்னு படிச்சோமா இல்லையா? உன் வீட்டுக்காரரு தங்கமான மனுஷன், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரே வேண்டாம்னு சொன்னவரு. வேண்டாம்னவரைக் கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?"

"அப்ப நான் அங்க போய் அவரில்லாம என்னக்கா பண்றது?"

"அங்க போயிட்டா இந்தக் கவலையே இருக்காதுடி. ஆண்டவர் முகத்தைப் பாத்த சந்தோசத்துல எல்லாம் மறந்துடும்."

"அவரை மறக்கச் சொல்ற மோட்சம் எனக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு அவளே அரண்டுபோனாள். தங்கம் சிலுவை போட்டுக்கொண்டு, "மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு, போ" என்றாள்.

போனாள். ஃபாதர் சவரிநாதன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. பாவத்தைச் சொல்லி முடித்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஃபாதர், என் வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்காரு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, தன் தப்பு இல்லாம ஆண்டவரை அறியாம இருந்து, மனசாட்சிப்படி நல்லவரா வாழ்ந்தவங்களுக்கும் மீட்பு கிடைக்கலாம்னு திருச்சபை சொல்லுது."

"அறியாதவர் இல்லையே ஃபாதர். என்னைவிட நல்லா அறிஞ்சவரு. உங்க பிரசங்கத்தை நான் வீட்டுல போய்ச் சொன்னா அதுல ஓட்டை கண்டுபிடிப்பாரு."

ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "காதுல விழறது வேற, மனசுக்குள்ள போறது வேறம்மா. ஒருத்தருக்கு ஏன் நம்ப முடியலன்னு நமக்குத் தெரியாது. கடைசி மூச்சுல அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னும் நமக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். எத்தனையோ பேரைப் புனிதர்னு அறிவிச்ச திருச்சபை, இன்னார் நரகத்துல இருக்காருன்னு ஒருத்தரைக்கூட அறிவிச்சதில்ல."

"இருக்காருன்னும் சொல்ல மாட்டீங்க, இல்லன்னும் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. அவருக்காக ஜெபமாலை சொல்லுங்க. அதுதான் உங்க பாவத்துக்கு அபராதமும்."

நன்றாகப் போயிற்று! எது வரவில்லையோ அதையே அபராதமாகக் கொடுத்தால் என்ன செய்வது? வீட்டுக்கு வந்தாள், மணியைப் பிடித்தாள், பாதியில் நின்றாள்.

ஃபாதர் சொன்னதில் ஒன்று மட்டும் உள்ளே தைத்துக்கொண்டது. கடைசி மூச்சு. அதைப் பார்த்தவன் உலகத்தில் ஒருவன்தான், ஜலாலுதீன். அவனிடம் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். கடவுளே என்று ஒரு வார்த்தை, ஆண்டவா என்று ஒரு முனகல், அது போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். ஆனால் அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றால்? அந்தப் பயத்தில் டன்லப் ஸ்ட்ரீட் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. பூசை முடிந்ததும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடினாள். வேடிக்கை என்னவென்றால் ஜலாலுதீனும் அவளைத் தேடி வரவில்லை. மண்டாயில் ஓர் ஓரமாக நின்று அழுதவன், அவள் கண்ணில் படாமலே போய்விட்டான்.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாள், செத்துப்போன ஆத்துமாக்களுக்காகக் கோயிலே திரண்டு மன்றாடுகிற நாள். காலைப் பூசைக்கு முன்னால் ஜெபமாலை. தங்கம் மைக்கைப் பிடித்து முன்பாதியைச் சொன்னாள். பின்பாதிக்குக் கோயில் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. அமலோற்பவத்தின் வாய் மட்டும் திறக்கவில்லை. அத்தனை குரலில் ஒரு குரலைத் தேடினாள். அது மட்டும் இல்லை. தாங்க முடியாமல் எழுந்து, பெஞ்சில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பூசைக்கு முன்னால் கோயிலைவிட்டு எழுந்து வந்தது அவள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கால்கள் தாமாக டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போயின.

ஜலாலுதீன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"வாங்கக்கா," என்றான்.

"அவர் எங்க உக்காந்திருந்தாரு?"

சுவரோரத்து நாற்காலியைக் காட்டினான். அவள் அதிலேயே உட்கார்ந்தாள்.

"பாய், எனக்கு ஒளிவுமறைவு வேண்டாம். கடைசில அவர் என்ன சொன்னாரு?"

ஜலாலுதீன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். எதிரே உட்கார்ந்தான். திரும்ப எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்கா. அதான் உங்க முகத்துல முழிக்க முடியாம இருந்தேன்."

"என்ன தப்பு?"

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். அண்ணன் இந்த நாற்காலில சாஞ்சிட்டாரு. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. எங்கள்ல, போற நேரத்துல கலிமாவைச் சொல்லிட்டா ஈமானோட போவாங்கம்பாங்க. அண்ணனுக்குத்தான் எதுலயும் நம்பிக்கை கிடையாதே. இந்த மனுஷன் அங்க எங்கயும் ஒதுங்க இடமில்லாம நிக்கக் கூடாதேன்னு மனசு கேக்கல. காதுகிட்ட குனிஞ்சு கலிமா சொன்னேன். 'அண்ணே, சொல்லுங்கண்ணே, ஒரே ஒரு தடவை'ன்னு கெஞ்சினேன். மன்னிச்சிடுங்கக்கா. நீங்க வேற வேதம், அவர் வேதமே இல்ல, நான் குறுக்க புகுந்துட்டேன்."

அமலோற்பவத்துக்கு முதலில் சுர்ரென்று வந்தது. என் புருஷனை நான் இல்லாத நேரம் பார்த்து உன் பக்கம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாயா? பிறகு கட்டில் பக்கத்துப் பாட்டில் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டது, கூடவே அழுகையும்.

"நானும் ஒரு பாட்டில் தண்ணி வச்சிருந்தேன் பாய், அவர் தலையில ஊத்த. நீங்க முந்திக்கிட்டீங்க."

ஜலாலுதீன் அவளைப் பார்த்தான். அவன் கண்ணிலும் நீர் கோத்திருந்தது.

"சொன்னாரா?" என்று கேட்டாள்.

"எங்க சொன்னாரு! கண்ணைத் தொறந்து பாத்தாரு. சிரிச்சாரு. 'நீயுமா ஜலால்? வேணாம் லா. என் பாதிய நான் தினமும் வீட்டுல சொல்லிட்டுத்தான் இருக்கேன்'னாரு. என்ன பாதின்னு எனக்கு ஒண்ணும் விளங்கல. அப்புறம், 'பவத்துக்கு வடை கட்டச் சொல்லு, காலையிலேருந்து வெறும் வயிறு'ன்னாரு. அதான்கா கடைசி. கட்டித்தான் வச்சேன். கல்லாப்பெட்டி மேலயே இருந்துச்சு அது."

நன்மை வாங்கும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் அவர் சூடான வடைப் பொட்டலத்தோடு நிற்பார்.

"என் பாதின்னா சொன்னாரு? நல்லா கேட்டீங்களா?"

"என் மூஞ்சிக்கு இவ்வளவு கிட்டக்கா. நல்லா கேட்டேன்."

"சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

"சிரிச்சுக்கிட்டுத்தான். அவர் எதைத்தான் சிரிக்காம சொல்லியிருக்காரு?"

அது கேலியா, உண்மையா? ஜலாலுதீனை நோகாமல் தட்டிவிடச் சொன்னதா, மனதில் கிடந்ததைச் சொன்னதா? அவளுக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஜலாலுதீன் கேட்காமலே வடை கட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள்.

ஆங் மோ கியோ போகிற ரயிலில் ஜன்னலோரம் நின்றபோதுதான் அந்தப் பின்பாதியை முதன்முதலாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அது அவளுக்கு வெறும் பதில். தான் சொன்னதை முடித்துவைக்க ஒரு குரல், அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது என்று யார் நின்று யோசித்தார்கள்? இப்போது யோசித்தாள். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இடத்தைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சாயங்காலம்வரைகூடப் பொறுக்கவில்லை. மெழுகுவத்தியை ஏற்றினாள். முதலில் ஆண்டவரிடம் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருந்தது.

"ஆண்டவரே," என்றாள் சத்தமாக. "இவர் ஜெபிக்கலன்னு அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அது விளையாட்டு. அதை மனசுல வச்சுக்காதீங்க. கணக்குல சேத்துக்குங்க. அத்தனையும் சேத்துக்குங்க. நம்பாமதான் மாதாகிட்ட வேண்டிக் கேட்டாரு, ஆனா நாள் தவறாம கேட்டாரு. நம்புற எங்க அக்காகூட அத்தனை நாள் கேட்டிருக்க மாட்டா."

எப்போதும் நிற்கிற இடத்தில் அவள் நிற்கவில்லை. போய், சோபாவில் அவர் உட்காருகிற மூலையில் உட்கார்ந்தாள். முன்பாதி வாழ்த்து. வானதூதர் மாதாவை நேரில் பார்த்துச் சொன்னது. பின்பாதிதான் இன்னும் போய்ச்சேராதவர்கள் கேட்பது. ஆளை மாற்றிக்கொண்டால் என்ன?

"என்னங்க, இனிமே முன்பாதி உங்களுது," என்றாள். "அங்க இருந்தா அங்கருந்து சொல்லுங்க. இன்னும் வழியில இருந்தா வழியிலருந்தே சொல்லுங்க. நான் பதில் சொல்றேன்."

மணியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதி சொல்ல ஆகிற நேரம் பேசாமல் இருந்தாள். மின்விசிறி ஓடியது. கீழே பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டு கத்தினார்கள். அவர் குரல் கேட்கவில்லை. கேட்கும் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு, அவர் போன நாளிலிருந்து திறக்காத வாயைத் திறந்து, அவர் தினமும் சொன்னதைச் சொன்னாள்.

"பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்."

மரண நேரம் என்ற இடத்தில் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அடுத்த மணியைப் பிடித்துக்கொண்டு, அவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தாள்.